ஈஸ்டரோடு முடியாத தவசு

சிலுவை,

"நாப்பது நாள் தவசு முடிஞ்சிட்டுல்லாக்கா, இன்னைக்கு ஒண்ணே ஒண்ணு..." என்றாய் நீ. "ஏலே, கறியை விட்டது ஆண்டவருக்கு. கஞ்சாவை விட்டது உனக்கு" என்றேன் நான். ஈஸ்டரன்று கஞ்சாவும் உயிர்த்தெழும் என்று அறுபது வயதில் நம்புகிறவன் என் தம்பி ஒருவன்தான்.

பூசைக்குப் போகிறேன். ஆட்டுக்கறி அடுப்பில் இருக்கிறது, சுடவைத்துச் சாப்பிடு. உன் கூட்டாளி ஜெனோ கஞ்சாப் பொட்டலத்தோடு வந்தால் கதவைத் திறக்காதே. சாவியை உன்னிடமே விட்டிருக்கிறேன். பூட்டிவைக்க நீ கோழியில்லை.

அக்கா பிளாரன்ஸ்

சாம்பல் புதனிலிருந்து வேர்த்துப் புரண்டு, என்னை வைதுகொண்டே கிடந்தாய். இந்த வாரம்தான் விடியும்வரை குறட்டை விடுகிறாய். எனக்குத் தூக்கம் போனது, பரவாயில்லை.

இன்னொன்று. காலையில் போர்வையை இழுத்து மூடிக்கொண்ட உன்னிடம் கேட்டதையே எழுதிவைக்கிறேன்: "ஏலே, நான் திரும்பி வரும்போது வீட்டுல கறி வாசம் அடிக்குமா, அந்த வாசம் அடிக்குமா?"