ஜெசிந்தா பார்த்த வெளிச்சம் மங்கிவிட்டது, அக்கா

என் பிரியத்துக்குரிய அக்கா,

உன் மகள் ஜெயித்துவிட்டாள். இதை முதலில் சொல்லிவிடுகிறேன். முடிவைக் கேட்ட பிறகுதானே நீ எந்தக் கதைக்கும் உட்காருவாய்!

ஜெசிந்தா ரோமில் இருக்கிறாள் என்று அத்தான் எல்லோரிடமும் சொல்ல, காரைக்குடியில் பாதிப் பேர் அவள் கன்னியாஸ்திரி மடத்தில் சேர்ந்துவிட்டதாகவே நினைத்தார்கள். "டீச்சர், பிள்ளைக்கு எப்ப வார்த்தைப்பாடு?" என்று கோயிலில் ஒருத்தி என்னிடமே கேட்டாள். அவள் படிப்பது வானத்து வெடிப்புகளை என்று புரியவைப்பதற்குள் பூசை மணி அடித்துவிட்டது.

உனக்காவது நிதானமாகச் சொல்கிறேன். எங்கோ வெகு தொலைவில் ஒரு பெரிய வெடிப்பு. அதன் காமா கதிர்கள் சில நொடிகளில் மின்னி மறைந்துவிடும். வெடித்த இடத்தில் எக்ஸ்ரே வெளிச்சம் சில நாள் மிஞ்சியிருக்கும் என்பதைப் போன வருஷம், 1997இல்தான் முதன்முதலாகப் பார்த்தார்கள். இந்த வருஷம் இன்னொரு வெடிப்பு. செயற்கைக்கோள் அனுப்பிய படத்தில் ஒரு புள்ளி தெரிந்தது. "இதுதான் அது" என்றாள் உன் மகள். "எப்போதும் அங்கேயே இருக்கிற ஏதோ நட்சத்திரமாக இருக்கும்" என்றார்கள் கூட வேலை செய்பவர்கள்.

யார் சொல்வது சரி? ஒரு தோசைக்கல் சுடுகிறது என்று வைத்துக்கொள். கொஞ்ச நேரம் கழித்துத் தொட்டால் ஆறியிருக்கிறது. அப்படியானால் இப்போதுதான் இறக்கிவைத்தது. அதே சூடு இருந்தால் அடியில் அடுப்பு எரிகிறது. அதைப்போலத்தான்: மங்கினால் வெடிப்பு, மங்காவிட்டால் நட்சத்திரம். சில நாள் விட்டு அதே இடத்தை மறுபடி பார்ப்பதாக முடிவு செய்தார்கள்.

இங்கே கண்டரமாணிக்கத்திலிருந்து அவளுக்கு ஒரு வரன் வந்திருந்தது. "அவ சொன்னது தப்புன்னா, மூட்டையக் கட்டிக்கிட்டு வரச் சொல்லிருவேன்" என்றார் அத்தான். படிப்பின் பாதியில் அவளைத் திரும்பக் கூப்பிட விட்டுவிடாதே என்று, நீ கண்ணை மூடுவதற்கு முன் ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்துச் சொன்னது அவருக்குத் தெரியாது. நான் என்ன செய்வேன், சொல்?

அவர்கள் மறுபடி பார்க்கிற அன்று சாயங்காலம் அவர் கோயிலிலிருந்து வந்தார்.

"எங்குட்டுப் போயிட்டு வாரீக, அத்தான்?"

"அந்த வெளிச்சம் அணைஞ்சிறக் கூடாதுன்னு மாதாவுக்கு மெழுகுவத்தி ஏத்திட்டு வாரேன்."

"கெடுத்தீக போங்க! அது மங்கணும். மங்குனாத்தான் நம்ம பிள்ளை சொன்னது சரி."

"அடியாத்தி! திரும்பப் போயி மாத்தி வேண்டிக்கவா?"

"மாதாவுக்கு விவரம் தெரியும். பேசாம உக்காருங்க."

மூட்டையைக் கட்டச் சொன்ன மனுஷர்தான் மெழுகுவத்தியும் ஏற்றியிருக்கிறார், பார்த்தாயா?

மறுநாள் போன் வந்தது. "சித்தி, மங்கிருச்சு! நல்லாவே மங்கிருச்சு!" அவள் கத்தியது அறை முழுக்கக் கேட்டது. அத்தான் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். நானும் அழுதுவிட்டேன். முப்பது வருஷம் எத்தனையோ பிள்ளைகளுக்கு மார்க் போட்டிருக்கிறேன். இந்தப் பெருமை எனக்குப் புதிது.

ஞாயிற்றுக்கிழமை கண்டரமாணிக்கத்துக்காரர்கள் வந்தார்கள். "பொண்ணு எப்ப வருது?" என்றார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் அத்தான் முந்திக்கொண்டார். "அது இன்னும் மங்கிக்கிட்டே இருக்காம். பிள்ளை அளந்து முடிக்கணும்ல? வேணும்னா உங்க பையன அங்குட்டு அனுப்புங்க." வந்தவர்கள் காப்பியைக் குடித்துவிட்டு எழுந்தார்கள்.

அத்தான் இப்படிப் பேசுவார் என்று நீ நினைத்திருப்பாயா, அக்கா?

நாளைக்கே அவர் மனசு மாறலாம். வேறு வரன்களும் வரும். மாறட்டும், வரட்டும். "வருகிறேன்" என்று அவளாகச் சொல்லும்வரை, இந்த வீட்டிலிருந்து ஒருவரும் அவளை "வா" என்று கூப்பிட விடமாட்டேன்.

உன் கையைப் பிடித்தபடி,
உன் தங்கை, ஜெசிந்தாவின் சித்தி