அப்பாவின் இருமல்

அம்மன் துணை
கெல்சென்கிர்ச்சன், ஜேர்மனி

அன்பு மகள் நிலக்சிக்கு,

நீயும் மருமகனும் சிட்னியில் சுகமாக இருக்க அம்மனை வேண்டுகிறேன். நாங்களும் சுகம் என்று எழுதத்தான் ஆசை, ஆனால் உனக்குத்தான் எல்லாம் தெரியுமே. அப்பாவுக்குக் கஞ்சிகூட இரண்டு வாயோடு சரி. டாக்டர் நெஞ்சு எக்ஸ்ரே படத்தைக் காட்டி, கனகாலம் இருமல் இருந்திருக்குமே, ஏன் முன்பே வரவில்லை என்று கேட்டார். நீயும் அதைத்தான் கேட்டாய். அப்பா இருமலை எங்களுக்கு ஒளிச்சுப்போட்டார், இனி அவரோட எனக்குக் கதை இல்லை எண்டு சொல்லிப் போனை வைத்தவள், நீ இன்னும் எங்களுக்குப் போன் எடுக்கவில்லை. போன் அடிக்கும்போதெல்லாம் அவர் கதிரையில் நிமிர்ந்து உட்காருகிறார்.

போன ஞாயிறு பக்கத்துத் தெரு தக்சாயினி, தேவாலய மண்டபத்தில் படம் போடுகிறார்கள், அப்பாவுக்கும் மாறுதலாக இருக்கும் என்று எங்களைக் கூட்டிக்கொண்டு போனாள். நாசிக் காலத்தில் ஒரு யூத இளைஞனை ஒளித்துவைத்துக் காப்பாற்றிய தையற்காரியின் கதை. அவளாக நடித்தவள் நல்ல வடிவு, வாசலில் பொலிஸ் நிற்கும்போதும் தலைமயிர் கலையாது, அதை மட்டும் என்னால் நம்ப முடியவில்லை. மண்டபமே அவளுக்காக அழுதது. நான் அந்த இளைஞனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவனுக்கு வசனம் குறைவு. சாப்பிட்ட கோப்பையை உடனே கழுவித் துடைத்து அடுக்கிவிடுவான், எழும்பியதும் படுக்கையைச் சுருட்டிவிடுவான், இருமல் வந்தால் தலையணையை வாயில் வைத்து அமுக்குவான். அப்பா சொந்த வீட்டிலேயே விருந்தாளி மாதிரி என்று நீ பகிடி பண்ணுவாயே, அதேதான் பிள்ளை. யுத்தம் முடிந்து அவள் கதவைத் திறந்துவிடுகிறாள். அவன் வெளியே வராமல், இனி இருமலாமா என்று கேட்கிறான். நான் திரும்பினேன். அப்பா சால்வையை வாயில் அமுக்கிக்கொண்டிருந்தார். தோள் குலுங்கியது, பக்கத்தில் இருந்த எனக்கே சத்தம் கேட்கவில்லை.

எண்பத்து மூன்று கலவரத்தில் கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு சிங்கள அம்மா அவரைச் சாமான் அறையில் ஒளித்துவைத்தது உனக்குத் தெரியும். அடுத்த வீட்டுக்காரர் பொல்லாதவர்கள், அவருக்கோ காய்ச்சலும் இருமலும், அந்த அம்மா கையெடுத்துக் கும்பிட்டாவாம், இருமாதே மகனே என்று. இந்த இருமல் விஷயத்தை அப்பா எனக்கே இப்போதுதான் சொன்னார். இஞ்சேரும், அண்டைக்கு அடக்கிப் பழகினது, பிறகு சத்தமா இருமவே ஏலாமல் போச்சு, நான் ஒருத்தருக்கும் ஒளிக்கேல்லை எண்டு பிள்ளைக்குச் சொல்லும் என்றார். என்னால் அழுகையை அடக்க முடியவில்லை.

இப்போது சளி வெளியே வரவேண்டும், நன்றாக இருமச் சொல்லுங்கள் என்கிறார் டாக்டர். இவரோ அடுத்த வீட்டுக்குக் கேட்குமோ என்று முதலில் சுவரைப் பார்க்கிறார். நேற்று மத்தியானம் ஒருதரம் சத்தமாக இருமிவிட்டார். உங்களைப்போல அமைதியான குடும்பம் இல்லை என்று எப்போதும் சொல்லும் கீழ்வீட்டு எமில், யாருக்கு என்ன என்று பதறி மேலே ஓடிவந்தார். அப்பா அவரிடம் மன்னிப்புக் கேட்டார். எமிலுக்குக் கண் கலங்கிவிட்டது.

நேரத்துக்குச் சாப்பிடு, மருமகனோடு சண்டை பிடிக்காதே. அம்மன் உங்கள் இருவரையும் காப்பாள். டிக்கெட் கெதியாகப் போடு, இங்கே குளிர் தொடங்கிவிட்டது, தடித்த கோட்டோடு வா. அதற்கு முதல் போன் எடு. கதைக்கும்போது அவருக்கு இருமல் வரும், அடக்கப் பார்ப்பார். நீ வைத்துவிடாமல், இருமுங்கோ அப்பா எண்டு சொல்லு.

இப்படிக்கு
உன் அம்மா
கலாதேவி