சுண்டுவிரலும் மூன்று பெடல்களும்

பிப்ரவரி 3

ரிகர்சலில் இரண்டு இடத்தில் ஸ்வரம் விழவில்லை. விஜய்பாண்டி கவனித்திருப்பான். கீபோர்டில் உட்கார்ந்துவிட்டால் அவன் காதுக்கு எதுவும் தப்பாது. எங்கள் மெல்லிசைக் குழுவை நடத்துகிறவனும் அவன்தான், என்னைவிட எட்டு வயது சின்னவன். ஒன்றும் சொல்லாமல் அடுத்த பாட்டுக்குப் போய்விட்டான். திட்டியிருந்தாலாவது தேவலை.

இடது கையில் சுண்டுவிரலும் மோதிரவிரலும் பொங்கலிலிருந்தே மரத்துக் கிடக்கின்றன. பேஸ் கிட்டாரின் கம்பி மற்ற கிட்டார் கம்பி மாதிரி இல்லை, சைக்கிள் பிரேக் ஒயர் தடிமன் இருக்கும். அழுத்திப் பிடிக்காவிட்டால் நாதம் வராது. கட்டையைத் தட்டியதுபோல் டப்பென்று ஒரு சத்தம் வரும், அவ்வளவுதான். இன்று விழுந்த டப்புகளையெல்லாம் முத்துப்பாண்டியின் டிரம்ஸ் மூடிவிட்டது. எத்தனை நாளைக்கு மூடும்?

பிப்ரவரி 7

தேனியில் நரம்பு டாக்டரம்மாவைப் பார்த்தேன். ஒரு தாளைக் கொடுத்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் இறுக்கிப் பிடிக்கச் சொன்னார். அவர் இழுத்தார். வலது கையிலிருந்து தாள் வரவில்லை. இடது கையிலிருந்து வழுக்கிக்கொண்டு போய்விட்டது.

"முழங்கையில நரம்பு நசுங்குது. கையை மடக்கியே வச்சு என்ன வேலை செய்றீங்க?"

சொன்னேன்.

"மூணு மாசம் அதைத் தொடாதீங்க. அப்பவும் சரியாகலைன்னா சின்ன ஆபரேஷன். இப்படியே விட்டா சதை வத்திடும். அதுக்கப்புறம் ஆபரேஷன் பண்ணினாலும் பழைய பலம் வராது."

மூன்று மாதம் என்றால் மாசி, பங்குனி, சித்திரை. நமக்கு இருக்கிற கச்சேரி சீசனே அதுதானே அம்மா என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன்.

வீட்டில் மனைவி செலினிடம், "சத்துக் கொறச்சலாம், மாத்திரை குடுத்திருக்காக" என்றேன். ஏன் பொய் சொன்னேன் என்று எனக்குத் தெரியும். உண்மையைச் சொல்லியிருந்தால் அவள் அன்றைக்கே கிட்டாரைப் பெட்டியோடு பரணில் ஏற்றியிருப்பாள்.

பிப்ரவரி 8

பகலெல்லாம் சின்னமனூரில் உரக்கடை. வாழைக்கு என்ன போடலாம், திராட்சைக்கு என்ன அடிக்கலாம் என்று கேட்டு வருகிறவர்களுக்கு நான் "மருந்துக் கடைத் தம்பி". மேடையிலும் பேஸ்காரனை யாரும் பார்ப்பதில்லை. ஆனால் நான் ஒரு கம்பியை மீட்டினால் முன்வரிசையில் இருப்பவன் தன்னை அறியாமல் தலையை ஆட்டுகிறான். அது எனக்குப் போதும்.

விஜய்பாண்டி வாங்கியிருக்கும் புதுக் கீபோர்டில் இடது கையாலேயே பேஸ் வாசித்துக்கொள்ளலாம். ஒரு மாதம் நான் போகாவிட்டால் வேறு ஆளைத் தேடக்கூட மாட்டான். என் இடம் அப்படியே மூடிக்கொள்ளும். கை போனாலும் பரவாயில்லை, அது மட்டும் ஆகக் கூடாது. — இல்லை. கை போனால் எல்லாமே போச்சு. என்ன எழுதுகிறேன்?

பிப்ரவரி 15

ஆன்லைனில் போட்டிருந்த ஓவர்டிரைவ் பெடல் வந்தது, கிட்டாருக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் சொருகிக் காலால் மிதிக்கும் சின்னப் பெட்டி. இருப்பதிலேயே மலிவானது, சாதாரண கிட்டாருக்கென்று செய்தது. சத்தத்தை முரடாக்கும். முரட்டுச் சத்தத்தில் என் டப்பு மறைந்துவிடும் என்று கணக்குப் போட்டேன். வீட்டில் ஹெட்போன் மாட்டிக் கேட்டபோது லாரி உறுமுவதுபோல் இருந்தது. எனக்கே மீசை முறுக்கத் தோன்றியது.

ரிகர்சலில் எல்லாரோடும் சேர்ந்து வாசித்ததும் அந்த உறுமலையே காணோம். விஜய்பாண்டி கையைத் தூக்கி நிறுத்தினான். "என்னண்ணே இது, வண்டு மாதிரி ரீங்காரம் போடுது? அடிச்சத்தம் எங்கண்ணே போச்சு?"

எங்கே போச்சு? பெடல் தின்றுவிட்டது. கிட்டாருக்குக் கீழ்ச்சத்தம் தேவையில்லை என்று செய்தவன் அதை வெட்டிவிட்டிருக்கிறான். பேஸுக்கு இருப்பதே அது ஒன்றுதான்.

பிப்ரவரி 26

இரண்டாவது பெடல். கம்ப்ரஸர். சோப்புப் பெட்டி அளவுதான் இருக்கிறது. ஓங்கி அடித்தால் அடக்குகிறது, மெதுவாக வாசித்தால் தூக்கி நிறுத்துகிறது. பலவீனமான ஸ்வரமும் பலமான ஸ்வரமும் ஒரே உயரத்தில் வந்து நிற்கின்றன. விரல் அரைகுறையாக அழுத்தினாலும் ஸ்பீக்கரில் முழுசாகக் கேட்கிறது!

அடுப்படியிலிருந்து செலின் சொன்னாள்: "மாத்திரை கேக்குது போலயே. பழையபடி வாசிக்கிறீக."

ஆமாம் என்றேன்.

மார்ச் 9

சட்டைப் பொத்தானை வலது கையால் மட்டும் போடப் பழகிவிட்டேன்.

மார்ச் 16

தேவதானப்பட்டியில் கல்யாணக் கச்சேரி. பத்து வருடத்தில் இப்படி ஒரு சவுண்டு வந்ததே இல்லை என்று விஜய்பாண்டி எல்லார் முன்னாலும் சொன்னான். பாடகி ஹேமாவதி வந்து, "அண்ணே, நீங்க இருக்க தெம்புலதான் மேல் ஸ்தாயிக்குப் போறேன்" என்றது. சிரித்தேன்.

பந்தியில் முத்துப்பாண்டி பக்கத்து இலையில் உட்கார்ந்தான். சாம்பாரைப் பிசைந்துகொண்டே சொன்னான்: "ஏண்ணே, முந்தியெல்லாம் நீங்க அடிக்கிறது டிரம்ஸ மிதிக்கிற என் காலுக்கு வந்து சேரும். எங்க அழுத்துவீக, எங்க விடுவீகன்னு தெரியும். இப்ப எல்லாம் ஒண்ணுபோல இருக்கே. நல்லாத்தான் இருக்கு. ஆனா நீங்க வாசிக்கிற மாதிரி இல்ல."

"ஒன் வேலையப் பாருடா" என்று எரிந்து விழுந்தேன். அவன் பாயசம் வாங்காமலே எழுந்து போய்விட்டான். பதினோரு வருடமாக என் பக்கத்தில் உட்கார்ந்து டிரம்ஸ் வாசிக்கிறவன். உண்மையைச் சொன்னதற்கு நான் கொடுத்த மரியாதை இது.

ஏப்ரல் 2

மூன்றாவது பெடல், ஆக்டேவ். நாம் வாசிக்கும் ஸ்வரத்துக்கு ஒரு ஸ்தாயி கீழே இன்னொரு ஸ்வரத்தைத் தானே சேர்க்கும். தடித்த கம்பியில் வாசித்தால் தடுமாறுகிறது, குடிகாரன் வாய்க்கால் தாண்டுவதுபோல். ஆனால் மெல்லிய கம்பியில், கிட்டார்க் கழுத்தில் உடம்புக்குப் பக்கத்தில் இருக்கும் மேல் கட்டங்களில் வாசித்தால் சுத்தமாகப் பிடித்துக்கொள்கிறது. அங்கே கட்டங்கள் நெருக்கம். சுண்டுவிரலை நீட்ட வேண்டியதே இல்லை. மேலே வாசித்தால் கீழ்ச்சத்தத்தைப் பெடல் பார்த்துக்கொள்ளும்.

மூன்றுக்கும் ஒரே அடாப்டர் என்பதால் உய்யென்று ஓர் இரைச்சல். இருந்துவிட்டுப் போகட்டும். இந்த சீசனைத் தாண்டிவிடலாம்.

ஏப்ரல் 18

பெரிய வெள்ளி. நேற்று முதல் மாதா கோவிலில் எந்த வாத்தியமும் கிடையாது, மணிகூட இல்லை, மரக்கட்டைதான் தட்டுகிறார்கள். வழக்கமாக அங்கே பேஸ் வாசிக்கும் நான், பாடற்குழுவோடு கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

மாலையில் பார்த்தால் சுண்டுவிரல் நுனியில் லேசாக ஊசி குத்துவதுபோல் இருந்தது. உணர்ச்சி! இரண்டு நாள் சும்மா இருந்ததற்கே இவ்வளவு. டாக்டரம்மா சொன்னது சரிதான். சரி என்று தெரிந்துகொண்டுதான் நாளை இரவுத் திருப்பலியில் வாசிக்கப் போகிறேன். சாமியார் என்னை நம்பியிருக்கிறார் என்று சொல்லிக்கொள்கிறேன். எனக்குத்தான் விட முடியவில்லை. அதுதான் நிஜம்.

மே 2

கிளட்ச் பிடிக்க இரண்டு விரல்தான் உதவுகிறது. உத்தமபாளையம் ஏற்றத்தில் வண்டி நின்றுவிட்டது.

மே 9

நேற்று வீரபாண்டித் திருவிழாக் கச்சேரி. ராட்டினச் சத்தத்தையும் தாண்டி எங்கள் பேஸ் ஆற்றுப்பக்கம் வரைக்கும் கேட்டதாம். பையன்கள் தோளில் தோள் ஏறி ஆடினார்கள். நான்காவது பாட்டில் ஒரு சுற்று நான் மட்டும் தனியாக வாசிக்க வேண்டும். ஆக்டேவை மிதித்தேன். நெஞ்சுக்குள் இடித்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது, அவ்வளவு அழகாக இருந்தது.

மறுபடி பாட ஆரம்பித்த ஹேமாவதி பாதியில் நிறுத்திவிட்டது. மைக்கைத் தள்ளிவிட்டு என்னிடம் ஓடிவந்து, "அண்ணே, கையி! கையப் பாருங்க!" என்று கத்தியது.

கிட்டார்க் கழுத்து முழுக்க ரத்தம். வெள்ளைச் சட்டையில் ரத்தம். கட்டங்களைப் பிரிக்கும் உலோகப் பட்டி ஒன்று ஓரத்தில் பிளேடு மாதிரி எழும்பி நின்றிருக்கிறது. அது சுண்டுவிரலைக் கிழித்திருக்கிறது. எப்போது? எந்தப் பாட்டில்? எனக்குத் தெரியாது. தெரியவே இல்ல. வலிக்கல. ஆண்டவரே, கொஞ்சங்கூட வலிக்கல. சத்தத்துல ஒரு பிசிறு இல்ல.

முத்துப்பாண்டிதான் தன் துண்டைச் சுற்றிக் கட்டி, ஆஸ்பத்திரியில் தையல் போட வைத்து, வீட்டில் கொண்டுவந்து விட்டான். இறங்கும்போது, "எம்புட்டு நாளாண்ணே?" என்றான்.

செலின் கதவைத் திறந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். தாளை இழுத்தது, மூன்று மாதம், ஆபரேஷன், பெடல், எல்லாம். அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன்.

"நா அடுப்படியில நின்னு தெனமும் கேட்டேன். கை சரியாயிருச்சுன்னு ஜெபம் பண்ணி நன்றி சொன்னேன்" என்றாள். "என்னையுமா மேடைக்குக் கீழ நிக்க வச்சீக?"



மே 12

டாக்டரம்மா மறுபடி தாளைக் கொடுத்தார். அவர் இழுக்கும் முன்பே விழுந்துவிட்டது. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் சதை வற்றிப் பள்ளம் விழுந்திருப்பதைச் செலினுக்குத் தொட்டுக் காட்டினார். நான் தினமும் பார்த்த கை. பார்க்கவே இல்லை.

மேல் கட்டங்களில் வாசித்ததைச் சொன்னேன், கைக்கு அது லேசு என்று நினைத்து.

"உடம்பை ஒட்டி வாசிச்சா முழங்கை இன்னும்தானே மடங்கும்? நரம்பு அங்கதானே நசுங்குது?" என்றார்.

பஸ்ஸில் வரும்போது இதுவே ஓடிக்கொண்டிருந்தது. என் கை எப்படி இருக்கிறது என்று நான் கையிடம் கேட்கவே இல்லை. ஸ்பீக்கரிடம் கேட்டேன். அது நன்றாக இருக்கிறது என்றது. நம்பினேன். முட்டாப்பயலே.

மே 27

மதுரையில் ஆபரேஷன் முடிந்தது. "பலம் எவ்வளவு திரும்புமோ பார்க்கலாம்" என்கிறார்கள்.

ஜூன் 21

விஜய்பாண்டி மாம்பழத்தோடு வந்தான். இடது கையாலேயே பேஸை ஒப்பேற்றுகிறானாம். என் இடத்தில் யார் நிற்கிறார்கள் என்று கேட்டேன். கொஞ்சம் தயங்கி, "அங்கன மானிட்டர் ஸ்பீக்கர் பெட்டிய வச்சிருக்கோம்ணே" என்றான். நான் பயந்தது அப்படியே நடந்திருக்கிறது. அழுகை வரும் என்று நினைத்தேன், சிரிப்பு வந்துவிட்டது. அவனும் சிரித்தான்.

போகும்போது சொன்னான்: "ஆவணியில முகூர்த்தம் நெறைய இருக்கு. கை முழுசா வேணும்னு இல்லண்ணே. தொட்டா போதும், மிச்சத்தப் பெடல் பாத்துக்கும்."

ஆசை காட்டவில்லை, பாசத்தில்தான் சொன்னான். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். ராத்திரியெல்லாம் யோசித்தேன். வெட்கமாக இருக்கிறது, யோசித்தேன்.

ஜூலை 4

களிமண் உருண்டையை அமுக்கும் பயிற்சி. சுண்டுவிரல் அதில் பள்ளம்கூடப் போடவில்லை. செலின் பார்க்காததுபோல் அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

ஜூலை 19

விஜய்பாண்டிக்குப் போன் பண்ணி வரவில்லை என்றேன். மூன்று பெடலையும் ஹேமாவதியின் தம்பிக்குக் கொடுத்துவிடச் சொன்னேன். அவன் கிட்டார் வாசிக்கிறான், அவனுக்கு அவை சரியாக இருக்கும். முத்துப்பாண்டி பக்கத்தில் இருந்திருப்பான்போல, போனை வாங்கி, "அண்ணே, பந்தியில அன்னைக்கு..." என்று ஆரம்பித்தான். "நீ சொன்னது சரிடா" என்றேன்.

ஆகஸ்ட் 17

பத்து நிமிடம் வாசிக்கலாம் என்று டாக்டரம்மா அனுமதி கொடுத்துவிட்டார். முழங்கையை நீட்டி, கீழ்க் கட்டங்களில் மட்டும்.

நடுவில் எதுவும் இல்லாமல் கிட்டாரை நேராக ஆம்ப்ளிஃபயர் பெட்டியில் சொருகினேன். ஒரு ஸ்வரம் முழுசாக வந்தது. அடுத்தது பாதி. சுண்டுவிரல் பிடித்தது வெறும் டப்பு. மறுபடி பிடித்தேன். மறுபடியும் டப்பு. மூன்றாவது தடவை அதற்குள்ளேயிருந்து ஏதோ ஒன்று முனகியது.

செலின் வாசற்படியில் வந்து நின்றாள். "வயரு சொருகலையா? சத்தமே வரலயே."

"சொருகித்தான் இருக்கு. இம்புட்டுத்தான் வருது."

அவள் உள்ளே வந்து மின்விசிறியை நிறுத்தினாள். தெருப்பக்கத்து ஜன்னலைச் சாத்தினாள். எனக்கு எதிரே தரையில் உட்கார்ந்து, "ம், இப்பக் கேக்குது" என்றாள்.