உப்பிய பேட்டரியும் ஒன்றேகால் மணியும்

காட்டுப்பாக்கம்,
ஞாயிறு.

அன்பு மகள் சபீனாவுக்கு அத்தா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். இந்தப் பக்கம் எல்லாரும் நலம், எல்லாரும் என்றால் நான் ஒருத்தன்தான். கௌஹாத்தியில் உன்னை அல்லாஹ் நல்லபடி வைத்திருக்கட்டும். நேற்று அம்மாவின் போன் முதுகு புடைத்துவிட்டது, ஊருக்கு எடுத்து வருகிறேன் என்று நீ சொன்னதும், சார்ஜரைப் பிடுங்கு, அணை, கொண்டு வராதே என்று கத்தினேன். அப்படியானால் நானும் வரவில்லை என்று வைத்துவிட்டாய். என் இருபது வயதில் உனக்கு அத்தா ஆனவன், கத்த வந்த அளவுக்குப் பேச வரவில்லை, அதனால் எழுதிக் கூரியரில் அனுப்புகிறேன்.

முதலில், விமானத்தில் வரும்போது உன் பவர் பேங்க். பெட்டியில் போடாதே, கைப்பையில்தான். உன்னுடையது எழுபத்துநாலு வாட் ஹவர், நூறுக்குள் என்பதால் அனுமதி கேட்க வேண்டாம், ஆனால் அந்த எண் மேலே அச்சில் தெரிய வேண்டும், அழிந்திருந்தால் வாங்கி வைத்துக்கொள்வார்கள். கேமராவின் உபரி பேட்டரிக்கு முனைகளில் டேப் ஒட்டித் தனிக் கவரில் வை, சாவியோடு போடாதே. கைப்பையில் புகைந்தால் பக்கத்தில் யாராவது பார்ப்பார்கள், கீழே சரக்கறையில் பார்க்க ஆள் ஏது. உப்பிய பேட்டரிக்கோ கைப்பையிலும் இடமில்லை, பெட்டியிலும் இடமில்லை. போனை ரிப்பேர் கடையில் கொடு, எதிரிலேயே நின்று கழற்றச் சொல், பேட்டரியை அங்கேயே விட்டுவிட்டு வெறும் போனோடு வா, புதுசு நான் போடுகிறேன். அம்மா அனுப்பிய குரல் பதிவு எல்லாம் போனுக்குள்தான் இருக்கிறது, பேட்டரியோடு போகாது.

தப்பு உன் மேல் என்று நினைத்து அழுதிருப்பாய். என் மேல்தான். அம்பத்தூரில் பதினெட்டு வருஷமாக பேட்டரி பேக் கட்டுகிறேன், எந்நேரமும் சார்ஜரில் கிடந்தால் உப்பும் என்று புதிதாக வருகிறவர்களுக்கு முதல் நாளே சொல்கிறவன், உன்னிடம் மட்டும் அந்தப் போன் ஒரு நிமிஷம்கூட அணையக் கூடாது, சார்ஜரிலேயே இருக்கட்டும் என்றேன். அம்மா போய் இரண்டு வருஷமாக மதியம் ஒன்றேகாலுக்கு, சாப்பாட்டு மணி அடித்ததும், அந்த நம்பருக்கு அடிப்பேன். திரையில் என் பேரைப் பார்த்து நீ கேட்டபோது கைதவறிப் பட்டுவிட்டது என்றேன், தினமும் ஒன்றேகாலுக்கா கைதவறும். அவள் இருந்தபோதும் அடுப்படியில் இருந்தால் எடுக்கமாட்டாள், அதே மாதிரி ஒலித்து ஓயும், அது போதும் எனக்கு. கூட வேலை செய்கிற அப்பாவு ஒருநாள், இன்னா பாய், தெனிக்கும் யாருக்கு அடிச்சிகினு கீற, எடுக்கவே மாட்றாங்க என்றார். ஊட்ல வேலையா கீறா என்றேன். அவர் தன் சாப்பாட்டு டப்பாவை என் பக்கம் நகர்த்திவைத்தார்.

இன்று வீட்டிலிருந்து அடித்தேன். அணைக்கப்பட்டுள்ளது என்றது.

போன் வராவிட்டாலும் பரவாயில்லை, நீ வா. இந்தக் கடிதம் கிடைத்த மறுநாளிலிருந்து ஒன்றேகாலுக்கு உன் நம்பருக்கு அடிக்கட்டுமா. ஆஸ்பத்திரி வார்டில் டூட்டியில் இருந்தால் எடுக்க வேண்டாம், ஒலிக்கட்டும், வேலையாக இருக்கிறாய் என்று வைத்துக்கொள்வேன்.

நீண்ட ஆயுளோடு இரு, நேரத்துக்குச் சாப்பிடு. டேப் ஒட்ட மறக்காதே.

உன் அத்தா,
ஜாகிர்