கிட்டத்து லென்ஸ்

ஆரியசாலை,
செவ்வாய்க்கிழமை

அன்பு மகள் சுப்ரியாவுக்கு அம்மா எழுதுவது. நான் இங்கே சுகம். நீயும் மருமகனும் ஆதிராக்குட்டியும் சுகமாயிருக்கப் பத்மநாபசாமி துணை.

ஃபோனில் சொல்லலாம் என்றால் நீ ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாய், மருமகன் காதில் விழும். நம்ம மிளகுக் கடை முதலாளி ராஜையன் பெங்களூர் வருகிறார் என்றதும் இதை எழுதி அவர் கையில் கொடுத்தனுப்புகிறேன். வரி கோணினால் பொறுத்துக்கொள். வலது கண்ணில் எல்லாம் கஞ்சித் தண்ணீருக்குள் இருக்கிற மாதிரிதான் தெரிகிறது, இடது கண்ணும் தூரத்துக்கு ஆகாது.

வருகிற திங்கட்கிழமை கண் ஆபரேஷன். ஆஸ்பத்திரியில் ஒரு மலையாளத்துப் பெண் உட்காரவைத்துப் பொறுமையாகச் சொன்னாள். ஒரு லென்ஸ் வைத்தால் தூரம் தெளியும், வாசிக்கக் கண்ணாடி வேண்டும். அதையே கிட்டத்துக்கு வைத்தால் மிளகில் கல் பொறுக்கலாம், தெருவைப் பார்க்கத்தான் கண்ணாடி. இன்னொன்றில் ரெண்டும் தெரியுமாம், ராத்திரி விளக்கைச் சுற்றி வளையம் வருமாம். "எல்லாரும் தூரமாணு எடுக்குந்நது, அம்மே" என்றாள், எல்லாரும் தூரத்து லென்ஸைத்தான் எடுப்பார்களாம். நீ ரெண்டும் தெரிகிறதையே போடச் சொல்லிவிட்டாய். அம்மா நல்லாப் பார்க்கணும் என்று சொல்கிறாய், தெரியாமலில்லை.

எனக்குக் கிட்டத்து லென்ஸ் போதும் மக்ளே. நான் சொன்னால் மகளைப் பேசச் சொல்லுங்கள் என்கிறார்கள். நீதான் டாக்டரிடம் சொல்லவேண்டும். அம்மாவுக்குக் கடையில் கல் பொறுக்குகிற வேலை என்று சொல்லு. அது பொய்யில்லை.

உனக்கு மட்டும் காரணத்தைச் சொல்கிறேன். பிரஜின் வருகிறான். விளக்கு வைக்கிற நேரம் மாடி ஜன்னலில் நின்றால் சந்து முடிகிற இடத்தில் நிற்கிறான். பைக்கில் உட்கார்ந்து ஒரு காலைத் தரையில் ஊன்றி, தலையைச் சாய்த்துக்கொண்டு. உன் தம்பி நிற்கிற நிலை உனக்குத் தெரியாதா? கீழ்வீட்டுப் பிச்சம்மாள், "செத்த பிள்ளைக்கா காவல் இருக்கே? அது தார்ப்பாய் மூடின கைவண்டிட்டீ, கண்ணை நேராக்கிட்டுப் பாரு" என்றாள். அவளோடு நான் இப்போது பேசுவதில்லை. கைவண்டி தலையைச் சாய்க்குமா?

இறங்கிப் போய்ப் பார்த்திருக்கிறேன். கிட்டே போனால் சாக்கு வாடைதான் இருக்கிறது. மேலே ஏறி வந்தால் திரும்ப நிற்கிறான்.

எனக்குப் புத்தி பிசகிவிட்டது என்று மருமகனிடம் சொல்லிவிடாதே. அவன் போய்விட்டான் என்று எனக்குத் தெரியும். வித்துரா ரோட்டில் பைக் மோதின இடத்திலிருந்து மூடித்தானே கொண்டுவந்தார்கள். சிவதாணு மாமா என் கையைப் பிடித்துக்கொண்டு, "பார்க்காதே, பெத்தவ பார்க்கப்படாது" என்றார். உன்னைப் பார்க்க விட்டார்கள். அந்த முகம் எப்படி இருந்தது என்று நான் உன்னிடம் கேட்டதில்லை, இனியும் கேட்கமாட்டேன். எனக்கு அவன் முகம் இந்த மங்கலில்தான் இருக்கிறது. அதைத் துடைத்துவிட்டு அங்கே ஒரு வண்டியைக் காட்டினால் நான் எங்கே போய் நிற்பேன்?

கிட்டத்து லென்ஸ் என்றால் கண்ணாடியைக் கூட்டில் வைத்துவிடலாம். தூரம் மங்கலாகவே இருக்குமா என்று அந்தப் பெண்ணிடம் கேட்டேன். இருக்கும் என்றாள், ஒரு மாதிரிப் பார்த்தாள். ஆனால் அது வேறு மாதிரி மங்கலாக இருந்தால் என்ன செய்வது என்று அவளிடம் கேட்கவில்லை. அந்தப் பயம் இருக்கிறது.

ஆபரேஷனுக்கு வராதே என்று சொல்லமாட்டேன். லீவு கிடைத்தால் வா. வரும்போது சாயங்காலமாகிவிட்டால் சந்து முனையிலேயே நின்று "அம்மா" என்று சத்தமாகக் கூப்பிடு மக்ளே. அவன் கூப்பிடுவதில்லை. நீ கூப்பிட்டால் நான் இறங்கி வந்துவிடுவேன்.

நீங்கள் மூன்று பேரும் நீண்ட ஆயுளோடு இருக்கவேண்டும்.

அம்மா
விஜயம்