வாழைத்தண்டில் எரிந்த அடுப்பு

மழை விட்ட பிறகு நம் மகள் வீட்டு வாழைகளின் அடியில் மரக்கறித் தோலும் வெட்டிப்போட்ட தண்டும் புளித்து நாறுகின்றன. இன்று காலை சமைக்கப் போய்க் குசினி யன்னலைத் திறந்ததும் அந்த வாடை உள்ளே வந்தது. மகள் மூக்கைப் பொத்தினாள். எனக்கோ நீங்கள் நம் பழைய வீட்டு வளவின் பின்புறம் நிற்பது போலிருந்தது, முழங்கை வரை சாணி, முகத்தில் சிரிப்பு.

நம் ஊர் சித்தாண்டியில் சண்டையால் மண்ணெண்ணெய் கிடைக்காத காலம் அது. விறகுக்குக் காட்டோரம் போனவர்களில் சிலர் திரும்பவில்லை. வேறு வழியில்லாமல் நானும் போனேன். ஒருநாள் என்னோடு வந்த அயல்வீட்டு அக்கா கண்ணிவெடியில் காலை இழந்தாள். அவளைத் தூக்கிவந்த இரத்தச் சேலையோடு நான் வீட்டுக்கு வந்தபோது நீங்கள் வாளியில் தண்ணீர் அள்ளி என் கைகளில் ஊற்றினீர்கள். பிறகு, "இனி நீ காட்டுப் பக்கம் போகாத புள்ள. அடுப்புக்கு நான் ஒரு வழி பாக்கிறன்" என்றீர்கள்.

நீங்கள் உழவு இயந்திரம் திருத்துகிறவர். எங்கோ படித்த ஞாபகத்தில் பீப்பாய் போன்ற பெரிய தகரப் பரலில் சாணியைக் கரைத்து, அதற்குள் சிறிய பரல் ஒன்றைக் கவிழ்த்து, அதிலிருந்து அடுப்புக்கு ஒரு குழாய் பொருத்தினீர்கள். பிறகு நாள்தோறும் நறுக்கிய வாழைத்தண்டு, மரக்கறிக் கழிவு, பழஞ்சோற்றுத் தண்ணீர். ஊரே நாறியது. "உங்கட மனிசனுக்கு மூளை பிசகிட்டா புள்ள?" என்று என்னிடமே கேட்டார்கள். உள்ளே வாயு சேரச் சேரச் சிறிய பரல் மெல்ல மேலெழும்பியது. முதல்தரம் பற்றவில்லை. அடுத்ததரமும் இல்லை. பிறகொரு பின்னேரம் குழாய் நுனியில் நீலமாய் ஒரு சுவாலை நின்றது. "தேத்தண்ணி வை" என்றீர்கள். புகையில்லாத குசினியில் அன்றுதான் கண் எரியாமல் அழுதேன்.

இராணுவம் ஊரைச் சுற்றிவளைத்துத் தேடிய ஒரு காலையில் சீருடைக்காரர் வளவுக்குள் வந்தார்கள். பரலையும் குழாயையும் கண்டதும் பின்வாங்கித் துவக்கை நீட்டினார்கள்.

"குண்டு இல்ல ஐயா, சமைக்கிற காஸ்" என்று கைகளை உயர்த்தியபடி சொன்னீர்கள். பற்றவைத்துக் காட்டச் சொன்னார்கள். காட்டினீர்கள். அவர்களில் பெரியவன் குனிந்து சுவாலையையே பார்த்தான். பிறகு சிங்களத்தில் ஏதோ கேட்டான்.

"இதைச் செய்யத் தெரிஞ்சவனுக்கு வேற என்னென்ன செய்யத் தெரியும் எண்டு கேக்கிறார்" என்றான், தமிழ் தெரிந்த ஒருவன்.

"உழவு மெசின் திருத்துவன் ஐயா. வேற ஒண்டும் தெரியா."

விசாரித்துவிட்டு விடுவதாகச் சொல்லி ட்ரக்கில் ஏற்றினார்கள். ஏறும்போது என்னைத் திரும்பிப் பார்த்து, "பரலுக்குத் தண்ணி காணாது, ஊத்து" என்றீர்கள். அதற்குப் பிறகு உங்கள் குரலை நான் கேட்கவில்லை.

முகாம் முகாமாய் அலைந்தேன். அப்படி யாரையும் பிடிக்கவில்லை என்றார்கள். வீட்டில் பரல் தன்பாட்டில் எழும்பிக்கொண்டிருந்தது. பிள்ளை பசியில் அழுதாள். அதே அடுப்பில்தான் சோறு வைத்தேன். காட்டுக்குப் போகும் பயம் அப்போதும் தீரவில்லையே.

"தெரிஞ்சதைக் காட்டப்போய்த்தான் மனிசன் போனது. புள்ளையையாவது அடக்கி வளர்" என்றார்கள் உறவுக்காரர். அவர்கள் சொன்னதை நான் ஏற்கவில்லை. ஆனால் அந்தச் சொல் என்னைவிட்டுப் போகவுமில்லை.

அவள் அச்சாய் உங்களைப் போல. வானொலியைக் கழற்றினாள், பிறகு தையல் மெசினை, பிறகு தண்ணீர்ப் பம்பை. இப்போது அவளுக்கு அன்றைய உங்களைவிட வயது கூட. அயலார் பழுதான சாமான்களோடு அவளைத் தேடி வருகிறார்கள். வேண்டாம் என்று ஒருநாளும் நான் தடுத்ததில்லை. ஆனாலும் அவள் எதையாவது கழற்றி நிலத்தில் பரப்பும்போதெல்லாம் உறவுக்காரரின் அந்தச் சொல் என் காதில் கேட்கிறது. சண்டை முடிந்துவிட்டது என்று எனக்கும் தெரியும். அவள் வேலை முடித்து எழும்பும்வரை ட்ரக் சத்தம் கேட்கிறதா என்று வாசல் படலையைப் பார்த்தபடி நிற்கிறேன்.