குடை பேசுமா

மார்ச் 3, திங்கள்

கையெழுத்துப் பிரதிகள் வந்துவிட்டன. மூன்று தகரப் பெட்டிகள். எழுத்தாளரின் மகள் பல் டாக்டர். அவருடைய கிளினிக் பரணில் இத்தனை வருடம் கிடந்திருக்கின்றன. திறந்தால் கிராம்பு எண்ணெய் வாடை, பல்லி எச்சம், காய்ந்துபோன ஒரு கரப்பான். கையுறை கேட்டேன். பதிப்பகத்துச் சின்ன முதலாளி சிரித்தான்.

ஒன்பது துப்பறியும் நாவல்கள். ஒன்பதிலும் ஒரே ஆள்தான் துப்புத் துலக்குகிறார், ஓய்வுபெற்ற நில அளவையாளர். எந்நேரமும் கையில் குடை. வாசகர்களுக்கு அவர் குடைக்காரர். நாங்கள் எல்லாரும் அவர் பைத்தியமாக இருந்த காலம் ஒன்று உண்டு.

மூலத்தையும் அச்சையும் வரி வரியாக ஒப்பிட்டு 'மூலப் பதிப்பு' கொண்டுவருவது என் வேலை. அட்டையில் பதிப்பாசிரியர் என்று என் பெயர் வருமாம். ஊரார் எழுத்தை முப்பது வருடம் திருத்தியவளுக்கு முதல்முறையாக அட்டையில் இடம். சந்தோஷம்தான், ஏன் மறைக்க வேண்டும்?

மார்ச் 5, புதன்

சீ. முதல் நாவலைச் சின்ன முதலாளி ஏற்கெனவே 'வேகமாக்கி' வைத்திருக்கிறான். மழையைப் பார்த்துக்கொண்டு குடைக்காரர் யோசிக்கிற பக்கங்கள் எல்லாம் அவுட். அவர் கையில் கைபேசி. ஒன்பதுக்கும் பொதுவான அட்டையில் அரைகுறை உடையில் ஒரு பெண், கழுத்தில் ரத்தம். எந்த நாவலிலும் அப்படி ஒரு பெண்ணே கிடையாது.

கேட்டதற்கு, "மூலம்னு போட்டுட்டாப் போதும்க்கா, யாரு பெட்டியைத் தொறந்து பாக்கப் போறா" என்கிறான்.

குமட்டியது. செத்துப்போன மனுஷன் எழுத்தில் கைவைக்க எப்படித்தான் மனசு வருகிறதோ.

மார்ச் 6, வியாழன்

சண்டை போட்டேன். கைபேசி போயிற்று, மழை திரும்பிவிட்டது. அட்டைப் பெண் மட்டும் அசையவில்லை.

மார்ச் 14, வெள்ளி

பல் டாக்டர் வந்திருந்தார். காபி வேண்டாம் என்றார், உட்காரவும் இல்லை. ஒன்பதாவதைப் பற்றி மட்டும் கேட்டார்.

ஒன்பதாவதைத் தெரியாதவர் யார்? நான் வேலை பார்த்த வார இதழில்தான் தொடராக வந்தது. கடைசி அத்தியாயத்தில் குடைக்காரர் திடுதிப்பென்று மருந்துக்கடைக்காரனைப் பிடித்துக் கொடுப்பார். எப்படித் தெரிந்தது என்று கேட்டால், "உன் குடைதான் சொன்னது" என்பார். அதற்குமுன் எந்த அத்தியாயத்திலும் மருந்துக்கடைக்காரனின் குடை என்ற பேச்சே இல்லை. வாசகர்கள் கொதித்துவிட்டார்கள். 'குடை பேசுமா?' என்று மூட்டை மூட்டையாகக் கடிதம். மூன்று வாரம் போட்டோம். பொறுக்கிக் கொடுத்தவள் நான்தான். பொறுக்கும்போது சிரித்தேன் என்பதும் உண்மை. அத்தோடு எழுத்தாளர் பேனாவை மூடினார். இன்னும் பதினான்கு வருடம் உயிரோடு இருந்தார். ஒரு வரி எழுதவில்லை.

"அப்பா ஏமாத்தினாரா, இல்லையா? அதை மட்டும் பாத்துச் சொல்லுங்க" என்றார் டாக்டர்.

சொல்கிறேன் என்றேன். மனசுக்குள், கடைசியில் மனுஷன் சோம்பேறியாகிவிட்டார் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 19, புதன்

ஒன்பதாவது கட்டைப் பிரித்தேன். எங்கள் இதழ் அலுவலகத்தின் இளஞ்சிவப்பு நாடா, நாங்கள் போடும் அதே இரட்டை முடிச்சு. தொடர் முடிந்ததும் பிரதியை இப்படிக் கட்டித்தான் திருப்பி அனுப்புவோம். யாரும் பிரித்ததாகவே தெரியவில்லை.

ஆறாம் அத்தியாயம். பதினொரு வரி. குறுக்கே நீலப் பென்சில். ஓரத்தில் ஒரு முக்கோணம்.

மார்ச் 20, வியாழன்

எழுதப் பிடிக்கவில்லை.

மார்ச் 21, வெள்ளி

எழுதித்தான் ஆகவேண்டும்.

அந்தப் பதினொரு வரியில் குடைக்காரர் மருந்துக்கடைக்காரன் வீட்டு வாசலில் தன் குடையை வைக்கக் குனிகிறார். அங்கே ஏற்கெனவே ஒரு குடை விரித்தபடி காய்ந்துகொண்டிருக்கிறது. அடியில் தண்ணீர் தேங்கியிருக்கிறது. பார்க்கிறார், ஒன்றும் சொல்லாமல் உள்ளே போகிறார். அடுத்த வரியில் மருந்துக்கடைக்காரன், காலையிலிருந்து வீட்டைவிட்டு நகரவே இல்லை என்கிறான். அந்த வரி அச்சில் இருக்கிறது. குடைதான் இல்லை.

அவர் ஏமாற்றவில்லை. எல்லாவற்றையும் நம் கண்முன்னால்தான் வைத்திருந்தார்.

எங்கள் பக்க அமைப்பு அறையில் ஒரு வழக்கம் இருந்தது. கடைசி நேரத்தில் விளம்பரம் வந்து இடம் போதாவிட்டால், கதையில் யாரும் பேசாத இடமாகப் பார்த்து வெட்டவேண்டும். பேச்சில் கைவைத்தால் வாசகனுக்கு இடறும், வர்ணனை போனால் தெரியாது. வெட்டியவர் ஓரத்தில் தன் குறியைப் போடவேண்டும். ஆளுக்கு ஒரு குறி. வட்டம் ஒருவர், நட்சத்திரம் ஒருவர்.

முக்கோணம் என்னுடையது.

என்ன விளம்பரம்? சோப்பா, தலைவலி மாத்திரையா? ஞாபகமே இல்லை. வாரத்துக்கு நாலு தடவை வெட்டுவோம். கடைசி அத்தியாயம் வந்தது நாலு மாதம் கழித்து. புத்தகத்தையும் இதழ்ப் பக்கங்களிலிருந்தே அச்சுக்கோத்தார்கள். நான் ரெண்டையும் முடிச்சுப் போட்டுப் பார்க்கவே இல்லையே. வெட்டுனதும் நானு, குடை பேசுமான்னு கடுதாசி பொறுக்கிச் சிரிச்சதும் நானு. த்தூ.

கைபேசியைச் செருகியவனைப் பார்த்துக் குமட்டியதாம் எனக்கு.

மார்ச் 24, திங்கள்

வீட்டில் இவரிடம் சொன்னேன். சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டே கேட்டார். "விடு. அந்தப் பத்திரிகையையே மூடியாச்சு. இனிமே யாருக்குத் தெரியப்போகுது?"

சின்ன முதலாளி சொன்னதும் இதேதான். இவர் என் நல்லதுக்குத்தான் சொல்கிறார். இருந்தாலும் அந்த வார்த்தை வாயில் கெட்ட பால் போல ஒட்டிக்கொண்டு நிற்கிறது.

மார்ச் 26, புதன்

கிளினிக்குக்குப் போனேன். நோயாளி என்று நினைத்து வரிசையில் உட்காரவைத்துவிட்டார்கள். முக்கால் மணி நேரம் மற்றவர்கள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு முனகுவதைக் கேட்டேன். எழுந்து ஓடிவிடலாம் என்று இரண்டு தடவை தோன்றியது.

உள்ளே போய் எல்லாவற்றையும் சொன்னேன். முக்கோணம் உட்பட. டாக்டர் முகக்கவசத்தைக் கழற்றவில்லை.

"எத்தனை வரி?"

"பதினொண்ணு."

படிக்கச் சொன்னார். படித்தேன். கண்ணை மூடிக் கேட்டார். பிறகு கைகழுவும் தொட்டிப் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னார்: "எழுதினதாத்தான் ஞாபகம், ஆனா புத்தகத்துல இல்லையேன்னு அப்பா கேட்டுக்கிட்டே இருந்தார். கட்டைப் பிரிச்சுப் பாருங்கப்பான்னா மாட்டார். அதுலயும் இல்லன்னா என்ன பண்றதுன்னு பயம்."

மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன். டாக்டர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

ஏப்ரல் 4, வெள்ளி

சின்ன முதலாளிக்குக் கொண்டாட்டம். 'காணாமல் போன துப்பு கிடைத்தது' என்று அட்டையிலேயே போடப்போகிறான். எப்படிக் காணாமல் போனது என்பதற்கு அச்சுப்பிழை என்று ஓர் அடிக்குறிப்பு, தீர்ந்தது.

அச்சுப்பிழை இல்லை, நான் வெட்டினேன், அப்படியே போடு என்றேன்.

"வெட்டினவங்க பேரையே அட்டையிலயும் போட்டா சிரிக்க மாட்டாங்களாக்கா? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க."

சொன்னேன். அடிக்குறிப்பில் உண்மையைப் போடு, அட்டையில் என் பெயர் வேண்டாம் என்று. பெரிய வீரம் ஒன்றும் இல்லை. வெளியே வந்ததும் அட்டையை நினைத்து அழுகைதான் வந்தது. அந்த அழுகையும் எனக்கே பிடிக்கவில்லை.

மே 23, வெள்ளி

ஒன்பதாவது புத்தகம் வந்துவிட்டது. பதிப்பாசிரியர் குழு என்று போட்டிருக்கிறான், அப்படி ஒரு குழுவே கிடையாது. அட்டையில் அந்தப் பெண் இன்னும் ரத்தம் சிந்துகிறாள். என் பெயர் எழுபத்து மூன்றாம் பக்கத்தில், பதினொரு வரிக்குக் கீழே பொடி எழுத்தில் இருக்கிறது.

சாயங்காலம் பல் டாக்டர் போன் செய்தார். "அந்தப் பக்கம் வரைக்கும் படிச்சேன். குடை காயற இடம் நல்லா இருக்கு" என்றார். "மீதியை நாளைக்குப் படிக்கறேன்" என்று வைத்துவிட்டார்.